இந்தியானா மின்சிகரெட் திரவச் சட்டம்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், மின்சிகரெட்டில் ஊற்றிப் பயன்படுத்தும் திரவத்தின் தயாரிப்பையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்த 2015-இல் இயற்றிய சட்டம். இதன் முக்கிய விதிகள் வெளிமாநில உற்பத்தியாளர்களைக் கட்டுப்படுத்தா எனக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் இதைத் திருத்தி எழுதியது.

பின்னணி. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், மணமூட்டி ஆகியவற்றோடு பெரும்பாலும் நிக்கோட்டினும் கலந்தது இத்திரவம். சீன மருந்தாளர் ஹான் லிக் 2003-இல் உருவாக்கிய மின்சிகரெட் சில ஆண்டுகளிலேயே அமெரிக்கச் சந்தைக்கு வந்துவிட்டது. அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) இதை மருந்துச் சாதனமாகக் கருதித் தடுக்க முயன்றது. சிகிச்சைக்கென்று சொல்லி விற்காதவரை இது புகையிலைப் பொருளே என்று 2010 டிசம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. புகையிலைப் பொருள் என்ற வகையில் எஃப்.டி.ஏ. விதிகள் நடைமுறைக்கு வர 2016 ஆகஸ்ட் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் கடையின் பின்கட்டிலேயே திரவத்தைக் கலந்து குப்பியில் அடைத்து விற்கும் வழக்கம் பரவியது.

இத்திரவத்தின் ஆபத்து பற்றிய அச்சம் வெறும் கற்பனையன்று. 2009-இல் எஃப்.டி.ஏ. சோதித்த 18 குப்பிகளில் ஒன்றில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு ஏறத்தாழ 1 விழுக்காடு இருந்தது. மின்சிகரெட் தொடர்பாக நச்சு ஆலோசனை மையங்களுக்கு 2010 செப்டம்பரில் வந்த அழைப்பு ஒன்றே. 2014 பிப்ரவரியில் 215. அழைப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றியவை. 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் பிளெயின் என்ற சிற்றூரில் ஒரு வயதுக் குழந்தை நிக்கோட்டின் திரவத்தை விழுங்கி இறந்தது.

சட்டம். ஆளுநர் மைக் பென்ஸ் 2015-இல் கையெழுத்திட்ட இச்சட்டத்தின்படி, இந்தியானாவில் விற்பனையாகும் திரவத்தைத் தயாரிப்பவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், இந்தியானாவின் மது, புகையிலை ஆணையத்திடம் அனுமதி பெற வேண்டும். குழந்தைகள் திறக்க முடியாத மூடி, நிக்கோட்டின் உள்ளதைக் காட்டும் சீட்டு, தொகுதி எண் ஆகியவை பிற மாநிலங்களும் கேட்டவையே. இந்தியானா அதோடு நிற்கவில்லை. கலவைக்குத் தூய்மை அறை, அங்கே கைகழுவும் தொட்டி, துப்புரவுப் பொருள், ஒவ்வொரு தொகுதியின் மாதிரியையும் மூன்றாண்டு பாதுகாத்தல், 24 மணி நேரக் கேமரா எனப் பட்டியல் நீண்டது.

சட்டத்தின் பெயரை நிலைநிறுத்தியது இவை எதுவுமன்று. காவல் நிறுவனம் பற்றிய பிரிவுதான். ஒவ்வொரு உற்பத்தியாளரும் ஒரு காவல் நிறுவனத்தோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்ய வேண்டும். அந்நிறுவனத்தில் எஃகாலான தீத்தடுப்பு ஷட்டர்களைப் பழுதுபார்க்கச் சான்றிதழ் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். கட்டடங்களின் பூட்டு, கீல், தாழ்ப்பாள் வகைகளில் ஆலோசகராகத் தகுதி பெற்ற இன்னொருவரும் வேண்டும். இருவரும் ஓராண்டாவது தொடர்ந்து அங்கே பணியாற்றியிருக்க வேண்டும். வாயில் இழுக்கும் ஆவிக்கும் ஷட்டர் மெக்கானிக்குக்கும் உள்ள உறவைச் சட்டம் எங்கும் விளக்கவில்லை. நாடு முழுவதிலும் இத்தகுதிகள் அனைத்தும் பொருந்திய நிறுவனம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் இந்தியானாவின் லஃபாயெட் நகரில். அது ஆறு உற்பத்தியாளர்களை மட்டும் ஏற்றது. அனுமதிக்கான கெடு 2016 ஜூன் இறுதியில் முடிந்தபோது எஞ்சிய அனைவருக்கும் மாநிலச் சந்தையின் கதவு அடைபட்டது.

இது திட்டமிட்டுச் செய்யப்பட்டதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கலப்படத்தைத் தடுப்பதே நோக்கம் என்றனர் ஆதரவாளர்கள். ஏகபோகம் உண்டாக்கவே எழுதப்பட்டது என்றனர் கடைக்காரர்கள். கூட்டரசுப் புலனாய்வுத் துறை (எஃப்.பி.ஐ.) விசாரிப்பதாக 2016-இல் நாளிதழ்கள் எழுதின.

வழக்குகள். லெகாட்டோ வேப்பர்ஸ் என்ற நிறுவனம் தொடர்ந்த வழக்கில் மாவட்ட நீதிபதி சாரா எவன்ஸ் பார்க்கர் 2016 ஜூன் 30 அன்று சட்டம் செல்லும் என்றார். அதே நீதிமன்றத்தின் நீதிபதி ரிச்சர்ட் யங், குட்கேட் என்ற ஃபுளோரிடா நிறுவனத்தின் வழக்கில், இரண்டு மாதங்களுக்குள் சட்டத்துக்கு எதிராக இடைக்காலத் தடை விதித்தார். 2017 ஜனவரி 30 அன்று லெகாட்டோ வழக்கின் மேல்முறையீட்டில் ஏழாம் வட்டக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் தீர்ப்பை மாற்றியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி டேவிட் ஹாமில்டன், மாநிலங்களுக்கிடையிலான வணிகம் பற்றிய அரசியலமைப்புக் கூற்றைக் கொண்டு முடிவு செய்தார். தன் எல்லைக்குள் விற்கப்படும் குப்பியின் மூடி, சீட்டு, தூய்மை பற்றி இந்தியானா விதி செய்யலாம்; வேற்று மாநில ஆலையின் கைகழுவும் தொட்டியைப் பற்றியோ அதன் காவல் ஒப்பந்தத்தைப் பற்றியோ விதி செய்ய இயலாது என்பது தீர்ப்பின் சாரம். காவல் நிறுவனத் தகுதிகள் இத்தனை நுணுக்கமாக இருந்ததையும் தீர்ப்பு ஐயத்தோடே நோக்குகிறது.

பிந்தைய நிலை. 2017 ஏப்ரலில் ஆளுநர் எரிக் ஹோல்கம் கையெழுத்திட்ட திருத்தச் சட்டம் காவல் நிறுவன விதியை நீக்கியது. பாதுகாப்பு மூடியும் சீட்டும் நிலைத்தன. மூடியைப் பொறுத்தவரை 2016 முதலே நாடு தழுவிய கூட்டரசுச் சட்டம் உள்ளது. 2019-இல் நாட்டில் மின்சிகரெட் பயன்படுத்தியவர்களிடையே பரவிய நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரி வரை 68 பேர் இறந்தனர். கஞ்சாச் சத்து கலந்த, முறையற்ற வழியில் கிடைத்த குப்பிகளிலிருந்த வைட்டமின் ஈ அசிட்டேட்டோடு இப்பாதிப்பு பெரிதும் தொடர்புபடுத்தப்பட்டது. பிற காரணிகளுக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

2023 மே மாதம் கலிஃபோர்னியாவின் பன்றியிறைச்சிச் சட்டம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலச் சட்டத்தின் விளைவு வெளியே எட்டுகிறது என்பதாலேயே அது செல்லாததாகிவிடாது என்றது. லெகாட்டோ தீர்ப்பின் அடித்தளம் இதனால் தளர்ந்தது எனச் சிலர் கருதுகின்றனர். வெளிமாநில ஆலைக்கு நேராகக் கட்டளையிடுவது வேறு வகை என்பது மறுதரப்பு. இந்தியானாவில் மின்சிகரெட் வாங்குவதற்கான வயது 2020 ஜூலையில் 21 ஆனது. 2022 ஜூலை முதல் திரவத்தின் மீது வரி விதிக்கப்படுகிறது.