குருவின் குறையும் அருளடையாளத்தின் நிறைவும்: தொனாத்தியர் வழக்கு எழுப்பும் கேள்வி

கி.பி. 303இல் உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன், கிறித்தவர்கள் தங்கள் மறைநூல்களை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டான். வட ஆப்பிரிக்காவில் ஆயர்கள் சிலர் அஞ்சிக் கொடுத்துவிட்டனர். மறுத்தவர்கள் பலர் உயிரிழந்தனர். கொடுமை ஓய்ந்தபின் செசிலியான் கார்த்தேஜின் ஆயரானார். அவரைத் திருநிலைப்படுத்திய அப்துங்கி ஆயர் பெலிக்ஸ் நூலைக் கொடுத்த துரோகி என்று எதிர்த்தரப்பு குற்றஞ்சாட்டியது. துரோகியின் கை இன்னொருவரை ஆயராக்குமா? ஆக்காது என்ற நுமிதியா ஆயர்கள் வேறொருவரை அமர்த்தினர். அவருக்குப் பின்வந்த தொனாத்துவின் பெயரால் அந்தப் பிளவு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

பெலிக்ஸ் குற்றமற்றவர் என்றே பின்னர் விசாரணையில் தெரிந்தது. ஆனால் 314இல் கூடிய ஆர்ல் சங்கம் அதற்கும் ஒரு படி மேலே சென்றது: கொடுத்தவர் தவறியிருந்தாலும் பெற்றவரின் திருநிலைப்பாடு செல்லும்.

தொனாத்தியரை வெறும் பிடிவாதக்காரர்களாக ஒதுக்குவது நியாயமன்று. மறைசாட்சிகளின் இரத்தம் காயாத மண்ணில் நின்று அவர்கள் தூய்மையான திருச்சபையைக் கேட்டனர். 258இல் மறைசாட்சியாக இறந்த கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானின் போதனையும் அவர்களுக்குத் துணைநின்றது. இருந்தும், இப்போ நகர ஆயர் அகுஸ்தீனின் மறுமொழியே கத்தோலிக்க மரபில் நிலைத்தது. திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே, குரு அவருடைய கருவி மட்டுமே என்றார் அவர். கல் வாய்க்காலில் எதுவும் முளைப்பதில்லை. அதன் வழியே ஓடும் நீர் தோட்டத்தைச் சேர்ந்துவிடுகிறது. 1547இல் திரெந்து பொதுச்சங்கம் இதையே கோட்பாடாக வரையறுத்தது.

இந்தக் கோட்பாடு யாருக்கான காப்பு என்பதே இங்கு முதன்மையான கேள்வி. பெறுபவருக்கானது என்பதே இக்கட்டுரையின் வாதம். குழந்தையைத் தூக்கிவரும் தாய் குருவின் மனச்சான்றைத் துருவிப்பார்க்க வேண்டியதில்லை. எதிர்த்திசையிலும் இவ்விதி கண்டிப்பானது. அமெரிக்காவின் பீனிக்ஸ் மறைமாவட்டத்தில் ஒரு குரு பல்லாண்டுகள் வாய்பாட்டை மாற்றிச் சொல்லித் திருமுழுக்கு அளித்திருந்தார். அவை செல்லாதவை என்று 2022இல் மறைமாவட்டம் அறிவித்தது. அவருடைய நல்லெண்ணம் வாய்பாட்டின் குறையை ஈடுசெய்யவில்லை.

சிக்கல் எழுவது அகுஸ்தீனின் அடுத்த நகர்விலிருந்து. 405க்குப் பின் வந்த பேரரசு ஆணைகளின் கட்டாயத்தை அவர் ஆதரித்தார். அருளடையாளம் செல்லுமா என்ற கேள்வி, ஆயருக்குக் கீழ்ப்படியச் செய்வது எப்படி என்ற கேள்வியாக மாறியது. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதன் விலையைத் திருச்சபை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

திருச்சபைச் சட்டமோ இவற்றைத் தெளிவாகவே பிரிக்கிறது. திருநிலைப்பாடு அழியாத முத்திரை. ஆளும் அதிகாரம் கொடுக்கவும் பறிக்கவும் கூடியது. கர்தினாலாக இருந்த தியோடர் மெக்கேரிக் சிறார்மீதும் பெரியவர்கள்மீதும் பாலியல் குற்றம் புரிந்தவர் என்று திருப்பீடம் முடிவுசெய்து, 2019இல் அவரைக் குருநிலையிலிருந்து நீக்கியது. அவர் அளித்த திருமுழுக்குகள் செல்லாதவை ஆகவில்லை. அப்படி நீக்கப்பட்டவர்கூடச் சாகும் தறுவாயில் இருப்பவருக்குப் பாவமன்னிப்பு அளிக்கலாம் என்கிறது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 976ஆம் விதி. சாகக் கிடப்பவர்மீது இவ்வளவு பரிவு காட்டும் அதே அமைப்பில், மெக்கேரிக்கைப் பற்றிய எச்சரிக்கைகள் பல ஆண்டுகள் மேலிடத்தில் மதிக்கப்படாமல் போயின. 2020இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையே அதைப் பதிவுசெய்கிறது. அழியாத முத்திரையைக் கேள்விகேட்க முடியாத அதிகாரமாக மதிக்கும் பழக்கம் இல்லாமல் இது நடந்திருக்க முடியாது.

மறைமாவட்டத்தில் சட்டம் இயற்றுவதும் நிர்வகிப்பதும் தீர்ப்பளிப்பதும் இன்றும் ஆயரின் அதிகாரத்துக்கே உட்பட்டவை. ஆனால் உரோமையில் ஒரு மாற்றம் தொடங்கியிருக்கிறது. திருநிலை பெறாதவரும் வத்திக்கான் துறைக்குத் தலைமை ஏற்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2022இல் சட்டமாக்கினார். 2025 சனவரியில் துறவியர் பேராயத்தின் தலைவராக அருள்சகோதரி சிமோனா பிராம்பில்லா நியமிக்கப்பட்டார். திருநிலைப்பாடு இல்லாத ஒருவருக்கு ஆளும் அதிகாரம் எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்பதில் சட்ட அறிஞர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.