பிஆர்யூ இயக்கி

பீகிள்போன் பிளாக் ஒற்றைப் பலகைக் கணினியின் சில்லுக்குள் அமைந்த இரு துணைச் செயலிகளை லினக்ஸின் ஆளுகைக்குள் கொண்டுவரும் மென்பொருள். 2013இல் வெளிவந்த இப்பலகையில் உள்ளது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்335எக்ஸ் வகைச் சில்லு. அதன் முதன்மைச் செயலி 1 கிகாஹெர்ட்ஸ் ஆர்ம் கார்டெக்ஸ்-ஏ8; பிஆர்யூ எனப்படும் துணைச் செயலிகள் 200 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 32 பிட் கருக்கள். பெரும்பாலான கட்டளைகளைத் தவறாமல் 5 நானோநொடியில் முடிப்பதே இவற்றின் தனிச்சிறப்பு. பல பணிகளுக்கு நேரத்தைப் பங்கிடும் லினக்ஸால் இந்த உறுதியைத் தர இயலாது. மோட்டார் கட்டுப்பாடு, எல்இடி வரிசை போன்ற நேரத்துல்லியப் பணிகள் அதனால் இவற்றிடம் விடப்படுகின்றன.

இயக்கி இருவகை. பழைய யுஐஓ, பிஆர்யூவின் நினைவகத்தைப் பயனர் நிரலுக்கு நேரடியாகத் திறந்துவிடுகிறது. பின்வந்த ரிமோட்பிராக் முறையில் கருநிரலே ஃபர்ம்வேரை ஏற்றி, துணைச் செயலியைத் தொடங்கி நிறுத்துகிறது. புதிய பணிகளுக்கு இதுவே ஏற்றது. இரண்டும் ஒருசேர இயங்கா. டெபியன் பதிப்புகளில், பூட் அடைவின் யுஎன்வி கோப்பில் உரிய வரியின் முன்னுள்ள # குறியை நீக்கி மறுதொடக்கம் செய்தால் தேர்ந்த இயக்கி செயற்படும். இணைப்பு முனைகளையும் பிஆர்யூ நிலைக்கு மாற்றவேண்டும். மாற்றாவிடில் நிரல் ஓடினாலும் முனையில் குறிகை வெளிவராது.