மண்டபத்து யன்னல்கள்

எமது மண்டபத்தில் மேலும் கீழுமாகச் சறுக்கும் யன்னல்களை மறந்த பழைய மாணவி எவரும் இருக்கமாட்டார். யன்னல் என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் தந்தனர். இந்த வகை யன்னலோ 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பரவி, ஆங்கிலேயர் கட்டடம் எழுப்பிய இடங்களுக்கெல்லாம் வந்தது.

நிலையின் இருபுறமும் மறைவான கூடுகள். அவற்றுள் தொங்கும் இரும்புப் பாரங்களைப் பருத்திக் கயிறுகள் சிறு கப்பிகளின் மேலாகக் கண்ணாடிச் சட்டத்துடன் இணைக்கும். பாரமும் சட்டமும் நிறையில் சமன். ஆதலால் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் இலகுவாக உயர்த்தலாம். கயிறு அறுந்தால் டஸ்ரர்தான் முண்டு. (விரல் நசுங்கியோர் பலர்!)

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் உடைந்த கண்ணாடிகளின் இடத்தைப் பொலித்தீன் பிடித்தது. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வின் பின் திரும்பியபோது சில சட்டங்களே இல்லை.

நூற்றாண்டுத் திருத்த வேலையில் அலுமினியமே மலிவு என்றனர். நாம் உடன்படவில்லை. பழைய யன்னலை முழுதாகக் கழற்றித் திருத்தலாம். பழுதான பகுதியை மட்டும் மாற்றலாம். தச்சர் உக்கிய அடிக்கட்டையை வெட்டி, முதிரைத் துண்டு பொருத்தினார். இறுக்கத்துக்குக் காரணம் மரமன்று, ஆண்டாண்டாகப் பூசிய பெயின்ற். அதைச் சுரண்டியதும் சறுக்கியது. புதிய கண்ணாடி தடிப்பாகையால் பாரங்களுடன் ஈயமும் சேர்க்கவேண்டியிருந்தது. கயிற்றுக்கும் கண்ணாடிக்கும் வெளிநாட்டுக் கிளைகள் உதவின.

மேற்குப் பக்கத்தில் இரண்டு யன்னல்கள் இன்னும் ஆணியடித்தபடியே உள்ளன. நல்ல முதிரை கிடைத்ததும் அவற்றையும் கழற்றுவோம்.