உடைந்த கப்பல் யாருக்குச் சொந்தம்?

பழங்காலத் துறைமுகம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது காவிரிப்பூம்பட்டினம். அங்கே சுங்க அதிகாரிகள் மூட்டைகளின் மேல் சோழர்களின் புலி முத்திரையைப் பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்வதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். என்ன வந்தது, என்ன போனது, எவ்வளவு வரி, யார் காவல்... இவையெல்லாம் துறைமுகத்துக்கு நல்லபடியாக வந்து சேர்ந்த கப்பலுக்கான விதிகள்.

சரி, வந்து சேராத கப்பலுக்கு என்ன விதி?

யோசித்துப் பாருங்கள். மரத்தால் ஆன பாய்மரக் கப்பல். பல மாதப் பயணம். கரை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் புயல் அடித்து, பாறையில் மோதிக் கப்பல் உடைந்துவிடுகிறது. நீந்திக் கரையேறிய வணிகனின் கண்ணெதிரே அவனுடைய சந்தனமும் பட்டும் கற்பூரமும் அலையில் வந்து ஒதுங்குகின்றன. அதில் பாதி கடன் வாங்கிப் போட்ட முதலாக இருக்கலாம். அப்போது கரையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர், கண்டெடுத்தவனுக்கே சொந்தம் என்று நினைக்கும் ஊர்க்காரர். இன்னொருவர், கரையில் ஒதுங்குவதெல்லாம் அரசனுக்கே என்று சொல்லும் அதிகாரி. வணிகன் மூன்றாவது ஆள்தான்!

ஒரு துறைமுகத்தின் உண்மையான குணம் தெரிவது இந்த இடத்தில்தான். வரி விகிதத்தைப் பார்த்து மட்டும் வணிகர்கள் ஒரு துறையை நம்பவில்லை. கப்பல் உடைந்தால் அந்த ஊர் என்ன செய்யும் என்பதையும் பார்த்தார்கள். அது தெரிந்ததால்தான் சில அரசர்கள் அதற்கான பதிலைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

"கடவுள் அனுப்பியது"

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியக் கடற்கரை வழியாகப் போன மார்க்கோ போலோ, கேரளத்தின் ஏழிமலைப் பகுதியில் இருந்த ஒரு வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். அந்தத் துறைக்கென்றே வந்த கப்பலுக்கு மரியாதை உண்டு. ஆனால் வேறு ஊருக்குக் கிளம்பி, காற்றின் போக்கில் அங்கே வந்து நங்கூரம் போட்ட கப்பல் என்றால் சரக்கு முழுவதும் பறிமுதல். அதற்கு அவர்கள் சொன்ன நியாயம்தான் வேடிக்கை. நீ வேறு எங்கோ போகக் கிளம்பியவன், உன்னை இங்கே கொண்டுவந்து விட்டது கடவுள், ஆகவே இது கடவுள் எங்களுக்குக் கொடுத்தது என்பதே அந்த நியாயம்!

இது இந்தியாவில் மட்டும் இருந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலும் கரையொதுங்கிய கப்பலை அரசருக்குரியதாகக் கருதினார்கள். 1275ல் முதலாம் எட்வர்டு காலத்தில் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தியது. கப்பலிலிருந்து ஒரு மனிதனோ, ஒரு நாயோ, ஒரு பூனையோ உயிரோடு தப்பியிருந்தால் அது 'உடைந்த கப்பல்' ஆகாது. பொருள்களை ஒரு வருடமும் ஒரு நாளும் பத்திரமாக வைத்திருந்து, உரியவன் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும். ஒரு பூனை உயிர் பிழைத்தால் ஒரு வணிகனின் வாழ்க்கையும் பிழைத்தது!

நயினாதீவில் ஒரு தமிழ்க் கல்

இங்கிலாந்தின் அந்தச் சட்டத்துக்குச் சுமார் நூறு வருடங்கள் முன்பே, இதே பிரச்சினைக்கு ஒரு பதில் தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதச் சொன்னவர் தமிழ் மன்னர் அல்ல. பொலன்னறுவையிலிருந்து இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186). கல் இருக்கும் இடம் யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே உள்ள நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில். சிதைந்த நிலையில் கிடைத்த இந்தக் கல்வெட்டை வாசித்து 1960களில் வெளியிட்டவர் வரலாற்றுப் பேராசிரியர் கா. இந்திரபாலா.

கல்வெட்டு பேசுவது ஊராத்துறை பற்றி. இன்றைய ஊர்காவற்றுறைதான் அது. 'பரதேசிகள்' ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும், பிற துறைகளிலிருந்து வரும் பரதேசிகளும் இந்தத் துறையிலேயே வந்து கூட வேண்டும் என்கிறது. (அந்தக் காலத்தில் பரதேசி என்றால் பிச்சைக்காரன் அல்ல, வெளிநாட்டுக்காரன்.)

அடுத்து வருவதுதான் முக்கியம். மன்னருக்காக யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டுப்போனால், நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மீதி மூன்று பங்கு உடையவனுக்கு. மற்ற வாணிப மரக்கலம் கெட்டுப்போனால், சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. யானைக்கும் குதிரைக்கும் ஏன் இந்தச் சலுகை? காரணத்தையும் கல்வெட்டே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. மன்னருக்கு அவற்றின் மேல் விருப்பமாம்!

அது வெறும் விருப்பம் அல்ல. குதிரையும் யானையும் அன்றைய படையின் பலம். பராக்கிரமபாகுவின் காலம் முழுக்கப் போர்க்காலம். யானை வியாபாரத்தில் ஏற்பட்ட தகராறு, பர்மாவின் மேல் அவர் படையெடுத்ததற்கு ஒரு காரணம் என்று சூளவம்சம் சொல்கிறது. பாண்டிய நாட்டு வாரிசுச் சண்டையிலும் அவர் படை அனுப்பினார். அப்போது ஊராத்துறை உள்ளிட்ட துறைகளில் அவர் படகுகள் கட்டிப் படை திரட்டியதை, சோழர் தரப்பிலிருந்து திருவாலங்காட்டுக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. எதிரியும் வணிகனும் ஒரே கடல் வழியாகத்தான் வருவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே துறையில் கூட வேண்டும் என்ற விதிக்கு வரி வசூல் மட்டுமல்ல, கண்காணிப்பும் காரணமாக இருந்திருக்கலாம்.

சிங்கள மன்னரின் ஆணை ஏன் தமிழில் இருக்கிறது? சட்டம் யாருக்கோ, அவர்கள் படிக்கும் மொழியில்தானே அது இருக்க வேண்டும். அந்தக் கடலில் வாணிபம் செய்தவர்களுக்குத் தெரிந்த மொழி தமிழ். துறைமுகத்தில் மொழி கௌரவப் பிரச்சினை அல்ல, அறிவிப்புப் பலகை.

மோட்டுப்பள்ளியின் அபய சாசனம்

ஊராத்துறையிலிருந்து வடக்கே, ஆந்திரக் கடற்கரையில் இருக்கிறது மோட்டுப்பள்ளி. இன்று பாபட்லா மாவட்டத்தில் ஒரு சிறிய கடலோர ஊர். 13ஆம் நூற்றாண்டில் காகதீயப் பேரரசின் முக்கியத் துறைமுகம். அங்கே காகதீய மன்னர் கணபதிதேவர் 1244ல் வெட்டி வைத்த கல்வெட்டை அபய சாசனம் என்கிறார்கள். 'அஞ்சாதே' என்று சொல்லும் ஆணை.

அதில் அவர் சொல்வதன் சுருக்கம் இது: ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் கப்பல் புயலில் சிக்கி உடைந்து கரையொதுங்கினால், முன்பிருந்த அரசர்கள் அதிலிருந்த பொன், யானை, குதிரை, ரத்தினம் எல்லாவற்றையும் பலவந்தமாக எடுத்துக்கொண்டார்கள். உயிரைவிடப் பொருள் பெரிது என்று நினைத்துக் கடலில் இறங்கியவர்களுக்கு, கருணையினாலும் புகழுக்காகவும் புண்ணியத்துக்காகவும், உரிய சுங்கம் தவிர மற்ற எல்லாவற்றையும் நாம் விட்டுவிடுகிறோம்.

பிறகு சுங்கம் எவ்வளவு என்றும் அதே கல்லில் சொல்லிவிடுகிறார். ஏற்றுமதி, இறக்குமதிக்கு முப்பதில் ஒரு பங்கு. சந்தனம், கற்பூரம் போன்ற பொருள்களுக்குத் தனித்தனி விகிதம். அதாவது அதிகாரி இஷ்டத்துக்குக் கேட்க முடியாது. கேட்டால் வணிகன் கல்லைக் காட்டலாம்!

பின்னர் காகதீயர் ஆட்சி முடிந்து அந்தப் பகுதி ரெட்டி அரசர்கள் கைக்கு வந்தது. 1358ல் அனவோத ரெட்டி அதே ஊரில் வணிகர்களுக்கு மீண்டும் ஓர் உறுதிமொழிக் கல்வெட்டு வைத்தார். ஆட்சி மாறினால் பழைய வாக்குறுதி செல்லுமா என்ற பயம் வணிகர்களுக்கு இருந்திருக்கும். துறை காலியாகிவிடுமோ என்ற பயம் அரசருக்கும் இருந்திருக்க வேண்டும்.

கல் பேசியது, கரை கேட்டதா?

கல்வெட்டில் இருப்பதெல்லாம் நடைமுறையில் நடந்ததா என்பது நியாயமான கேள்வி. 'கருணை' என்று கல்லில் வெட்டுவது சுலபம். புயல் அடித்த மறுநாள் காலையில் கரையில் என்ன நடந்தது என்று சொல்ல, பார்த்த சாட்சி வேண்டும்.

அப்படி ஒரு சாட்சி கோழிக்கோட்டில் கிடைக்கிறார். 1340களின் தொடக்கத்தில், டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கின் தூதராகச் சீனாவுக்குப் போக வந்த இபின் பதூதா. சுல்தானின் பரிசுப் பொருள்களை ஏற்றிய பெரிய கப்பல் புயலில் சிக்கி உடைந்தது. அதில் இருந்தவர்கள் இறந்தார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் தங்கியதால் இபின் பதூதா தப்பினார்.

கரையில் அவர் பார்த்த காட்சி இது. கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி கடற்கரைக்கு வந்திருக்கிறார். கடல் ஒதுக்கிய பொருள்களை மக்கள் கொள்ளையடிக்காமல் இருக்க, அவருடைய காவலர்கள் கூட்டத்தை அடித்து விரட்டுகிறார்கள். மலபார் முழுவதும் உடைந்த கப்பலின் பொருள் கருவூலத்துக்குப் போகும், இந்த ஊரில் மட்டும் அது உடையவர்களுக்கே போகும், அதனால்தான் இந்த ஊர் செழித்திருக்கிறது, வணிகர்கள் தேடி வருகிறார்கள் என்று எழுதுகிறார் இபின் பதூதா.

இந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியவர்கள் அடி வாங்கியவர்களும்தான். கரையோரத்து ஏழைக்கு, அலையில் வந்த ஒரு மூட்டை ஒரு வருடச் சாப்பாடாக இருந்திருக்கும். வணிகனுக்குக் கிடைத்த பாதுகாப்பு, கரையில் இருந்தவன் கையைத் தடுத்துத்தான் கிடைத்தது. சட்டத்துக்கு எப்போதும் இப்படி இன்னொரு பக்கம் உண்டு.

கருணையா, கணக்கா?

மூன்று ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊராத்துறையில் வணிகனுக்குப் பாதி, மன்னருக்குத் தேவையான பொருள் என்றால் முக்கால். மோட்டுப்பள்ளியில் சுங்கம் போக எல்லாம். கோழிக்கோட்டிலும் பொருள் உடையவனுக்கே.

கணபதிதேவர் கருணை என்றார், பராக்கிரமபாகு விருப்பம் என்றார். ஆனால் மூன்று இடத்திலும் பின்னால் இருப்பது ஒரே கணக்கு. வணிகனுக்குக் கால் உண்டு, மன்னிக்கவும், பாய்மரம் உண்டு. பிடிக்காவிட்டால் அடுத்த துறைக்குப் போய்விடுவான். உடைந்த ஒரு கப்பலைப் பறித்தால் ஒருநாள் லாபம். விட்டுக்கொடுத்தால் வருடா வருடம் நூறு கப்பல் வரும். தொலைதூர வணிகனைத் தங்கள் ஆணையால் கட்டுப்படுத்த முடியாது, நம்பிக்கையால்தான் இழுக்க முடியும் என்பதை இந்த அரசர்கள் புரிந்துகொண்டார்கள்.

தலைகீழாகிய கேள்வி

இந்தியாவின் 1958ஆம் வருட வணிகக் கப்பல் சட்டம், உடைந்த கப்பலின் பொருளைக் கண்டெடுத்தவர் அதற்கான அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும், உடையவர் ஒரு வருடத்துக்குள் வந்து உரிமை கோரலாம் என்று வைத்தது. 2025ல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 'ஒரு வருடம்' என்ற அந்தக் கெடு 1275ஐ நினைவுபடுத்துகிறது அல்லவா?

ஆனால் இந்த நூற்றாண்டில் பிரச்சினையே திரும்பிவிட்டது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் இலங்கையின் மேற்குக் கரை முழுக்கப் பரவின. 2025 மே 25ல் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. 600க்கும் மேற்பட்ட கொள்கலன்களோடு போன கப்பல் அது. ஒதுங்கிய கொள்கலன்களைத் தொடாதீர்கள், கிட்டேயே போகாதீர்கள் என்று கரையோர மக்களை எச்சரித்தது அரசு. பிளாஸ்டிக் மணிகள் தமிழ்நாட்டுக் கரைக்கும் வந்தன. இரண்டு விபத்துகளிலும் மீனவர்களின் தொழில் முடங்கியது.

இப்போது கரையொதுங்கிய சரக்கை யாரும் ஆசையோடு பார்ப்பதில்லை. 'இது எனக்கு' என்று சண்டை போட்ட காலம் போய், 'இது உன்னுடையது, நீயே எடுத்துக்கொண்டு போ' என்று வழக்குப் போடும் காலம் வந்துவிட்டது. உடைந்த கப்பலை அகற்றும் பொறுப்பைக் கப்பல் உரிமையாளர் மேல் வைக்கும் நைரோபி உடன்படிக்கை 2007ல் உருவாகி 2015ல் நடைமுறைக்கு வந்தது. எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கில் 100 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. எல்சா 3க்காகக் கேரள அரசும் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

அன்றைய கல்வெட்டுகள் கடலில் வந்த அந்நியனுக்கு அபயம் கொடுத்தன. கரையில் இருந்தவனிடமிருந்து அவனைக் காப்பாற்றின. இன்று அபயம் தேவைப்படுவது கரையில் வலையோடு நிற்பவனுக்கு. உடைந்த கப்பல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குப் பராக்கிரமபாகுவிடமும் கணபதிதேவரிடமும் நான்கே வரியில் தெளிவான பதில் இருந்தது. உடைந்த கப்பல் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அதே தெளிவோடு, கரையில் இருப்பவனுக்குப் புரியும் மொழியில் ஒரு பதிலை எழுதி வைக்க வேண்டிய முறை இப்போதைய அரசுகளுடையது.