பேயா, பிணியா?

"பங்காளி செய்வினை வைத்துவிட்டான், சோற்றிலும் நஞ்சு கலக்கிறான்" என்று ஒருவர் உண்ண மறுத்தால், பேராவூரணி போன்ற ஊர்களில் உறவினர் பலர் முதலில் நாடுவது மருத்துவரை அன்று, குணசீலம், ஏர்வாடி போன்ற வழிபாட்டிடங்களையே. இதனை வெறும் அறியாமை என நாம் ஒதுக்கிவிட இயலாது. தமிழகக் கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளரை ஆராய்ந்து 2002-இல் வெளியான கட்டுரை, சராசரியாக ஆறு வாரங்களில் அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்ததைக் காட்டிற்று. ஆயினும், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளர் தப்ப இயலாது மாண்டனர்; இறந்தோர் 28 பேர்.

செய்வினைக்கு ஊரே அஞ்சும்போது, ஒருவரது அச்சத்தை மட்டும் நோயென்பது எங்ஙனம்? செருமானிய அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ் 1913-இல் மூன்று அடையாளங்களைக் கூறினார்: அசையாத உறுதி, எச்சான்றுக்கும் மாறாமை, நடவாத பொருள். அவர் சார்ந்த சமூகத்தின் பொது நம்பிக்கையா என்பதையும் இன்றைய மருத்துவர் ஆராய்வார். செய்வினைக்கு அஞ்சும் அயலாரும் வேளை தவறாது உண்கின்றனர்; இவரோ உண்பதில்லை. செய்வினையை நம்பும் தாயே "இது அளவு மீறியது" என்றால், அவர் சொல் வலுவான சான்றன்றோ?

நல்ல மருத்துவர் வாதிட்டு மறுப்பதில்லை, ஆமென்று தலையாட்டுவதுமில்லை. எப்போது தொடங்கிற்று, உறக்கம் உண்டா, வேறு காரணம் இருக்கக்கூடுமா, தம்மையோ பிறரையோ வருத்தும் எண்ணம் எழுகிறதா என்று பொறுமையாய் வினவுவார். காய்ச்சல், வலிப்பு, குடி, தைராய்டு கோளாறு ஆகியவை காரணமா என்றும் பார்ப்பார். 1950-களில் வழக்கிற்கு வந்த குளோர்புரோமசின் முதலாக, மாயநம்பிக்கையைத் தணிக்கும் மருந்துகளும் உள்ளன.

இப்பகுத்தறிதல் நம் திருச்சபைக்கும் புதிதன்று. 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்குநூலே, அலகையின் பிடியென எளிதில் நம்பிவிடாது, அதை நோயினின்று பிரித்தறியுமாறு குருக்களை எச்சரித்தது. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும், சமய நம்பிக்கைக்கு இசையாமையை வைத்து ஒருவரை நோயாளர் எனக் கணிக்கலாகாது என்கிறது. நோயாளரைச் சங்கிலியிடுவதையும் தடுக்கிறது.

ஆகவே, மன்றாட்டை விடவேண்டியதில்லை. ஆனால் உண்ணாதவரை நேர்ச்சை நாள் முடியட்டும் என்று காக்க வைத்தலாகாது. அவரை அழைத்துச் செல்வதும், மருத்துவர் கேட்கும்போது அஞ்சாமல் உண்மை உரைப்பதும் நம் கடன்.