443 பேரின் மொழி

"வரலாறு பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள. பேரரசுகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு சின்ன ஜனத்தைப் பற்றிச் சொல்கிறேன். அவர்கள் பெயர் ஹினுக்.

ரஷ்யாவில் காகசஸ் மலையோரம் இருக்கிறது தாகெஸ்தான். அங்கே ஜார்ஜியா எல்லைப் பக்கம் இவர்களின் பூர்வீகக் கிராமம். ஊருக்கும் அதே பெயர்தான். 2010 மக்கள்தொகைக் கணக்கில் ஹினுக் என்று பதிவானவர்கள் வெறும் 443 பேர். ஒரு பெரிய கல்யாணத்துக்கே இதைவிட அதிகம் பேர் வருவாங்க!

ஆடு வளர்ப்பும் மலைச்சரிவு விவசாயமுமே பரம்பரைத் தொழில். கல் வீடுகள், கம்பளி உடை, இஸ்லாமிய மார்க்கம். மொழியோ தனி ரகம். எண்ணிக்கை இருபது இருபதாகப் போகும். பெயர்ச்சொற்களுக்கு ஐந்து பால்: ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, மிருகங்களும் பொருள்களும் மற்ற மூன்றில்.

1944-ல் வந்தது சோதனை. ஸ்டாலின் அரசு செச்சென் மக்களை மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தியது. காலியான ஊர்களை நிரப்ப, தாகெஸ்தான் மலைவாசிகளைக் கட்டாயப்படுத்திக் குடியேற்றியது. ஹினுக் மக்களும் வேதெனோ பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். யாரோ அழுதுகொண்டே விட்டுப்போன வீட்டில் இவர்கள் அடுப்பு மூட்ட வேண்டிய நிலை. இரண்டு தரப்புமே பலிதான். 1957-ல் செச்சென்கள் திரும்பியதும் இவர்கள் மீண்டும் மலையேறினார்கள்.

அதோடு முடிந்ததா? இல்லீங்க. சோவியத் கணக்கெடுப்புகள் இவர்களைப் பல பத்தாண்டுகள் 'அவார்' இனத்தில் சேர்த்தே எழுதின. எழுத்துக்கு அவார், ரஷ்ய மொழிகள்தான். சொந்த மொழி வாய்ப்பேச்சாகவே நின்றது. கலீலோவும் இசாகோவும் தொகுத்த ஹினுக்-ரஷ்ய அகராதி வந்தது 2005-ல். டயானா ஃபோர்க்கர் எழுதிய விரிவான இலக்கண நூல் வந்தது 2013-ல்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். அரசாங்க ஏட்டை மட்டும் நம்பியிருந்தால் இப்படி ஒரு ஜனம் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. அவர்களைக் காப்பாற்றியது வீட்டுக்குள் பிள்ளைகளோடு பேசிய பேச்சு. அதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதி வைத்தவர்கள் பிறகுதான் வந்தார்கள்.

ஆய்வுக்குத் தலைப்பு தேடும் தம்பி, தங்கைகளே! ஆவணக் காப்பகத்துக்குப் போங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, ஏட்டில் பெயர் இல்லாதவர்கள் வீட்டுத் திண்ணையிலும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அங்கேயும் வரலாறு இருக்கிறது.