வட சென்னை: ஆலைகள் வந்ததும் கல்லூரிகள் நகர்ந்ததும்

சென்னைப் பெருநகரத்தின் பொருளாதார ஏற்றத்தாழ்வைப் பற்றிய ஆய்வுகளில் வட சென்னை பெரும்பாலும் வளர்ச்சி எட்டாத பகுதியாகவே சித்திரிக்கப்படுகிறது. துறைமுகம், ஆலை, அனல்மின் நிலையம், குப்பைக் கிடங்கு, நெருக்கமான குடியிருப்பு, பள்ளியைப் பாதியில் விட்ட இளைஞர்கள் என்னும் வரிசையில் அச்சித்திரம் வரையப்படும்போது, அப்பகுதி தொடக்கம் முதலே அப்படித்தான் இருந்தது என்ற எண்ணம் தானாகவே எழுந்துவிடுகிறது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னை மாகாணத்தின் உயர்கல்வி முளைவிட்ட இடமே இன்றைய வட சென்னையின் தென்கோடிதான் என்பதும், ஆலைகள் அப்பகுதியில் காலூன்றிய அதே காலத்தில் கல்லூரிகள் ஒவ்வொன்றாக அங்கிருந்து வெளியேறின என்பதும் இந்த வரலாற்றை வேறு விதமாகப் படிக்கச் செய்கின்றன.

1746-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய புனித ஜார்ஜ் கோட்டை 1749-இல் ஆங்கிலேயரிடம் திரும்பிய பின், கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம், அதாவது இந்திய வணிகர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்த பகுதி, பாதுகாப்பைக் காரணம் காட்டி இடிக்கப்பட்டது. அதற்கு வடக்கே எழுந்த புதிய கறுப்பர் நகரமே 1906-இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றம் பெற்றது. அதற்கும் வடக்கே, கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வாணிகத்துக்காக உருவான குடியிருப்புகள் இருந்தன: நெய்த துணியை வெளுப்போருக்கான வண்ணாரப்பேட்டையும், ஆளுநர் ஜோசப் காலெட்டின் பெயரால் அமைந்து மக்கள் வழக்கில் காலடிப்பேட்டையாகிவிட்ட திருவொற்றியூர் நெசவாளர் குடியிருப்பும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ஆக, ஆலைப் புகை எழுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே வட சென்னை உழைப்பின் ஊராக இருந்தது.

கல்வியும் அங்கேதான் வேர்விட்டது. ஸ்காட்லாந்து மதகுரு ஜான் ஆண்டர்சன் 1837-இல் கறுப்பர் நகரத்தின் ஆர்மேனியன் தெருவில் தொடங்கிய பள்ளி பின்னாளில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியாயிற்று. எழும்பூரில் ஒரு வாடகைக் கட்டடத்தில் 1840-இல் தொடங்கிய அரசுப் பள்ளி அடுத்த ஆண்டே அந்நகரத்தின் பிராட்வேக்கு வந்து சேர்ந்தது; பின்னர் அதுவே மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. பச்சையப்ப முதலியாரின் அறக்கொடையிலிருந்து 1842-இல் உருவான பச்சையப்பன் நிறுவனமும் அதே வட்டாரத்தில்தான் இயங்கியது. இம்மூன்றும் அங்கு நிலைக்கவில்லை. மாநிலக் கல்லூரி 1870-இல் கடற்கரைச் சாலையின் புதிய கட்டடத்துக்கும், கிறித்துவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கும், பச்சையப்பன் கல்லூரி 1940-இல் சேத்துப்பட்டுக்கும் இடம்பெயர்ந்தன. இட நெருக்கடி இதற்கு உண்மையான காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், வடக்கே பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் ஆலைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் விரிந்த நிலம் கிடைத்த காலத்தில், கல்லூரிகளுக்கு மட்டும் தெற்கும் மேற்குமே பொருத்தமாகத் தோன்றியதை வெறும் இட நெருக்கடியால் விளக்கிவிட முடியாது.

இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் புறப்பட்டது. பெரம்பூரில் ரயில்வே பணிமனை எழுந்தது. 1870-களில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. துறைமுகத்தின் விளைவு பொருளாதாரத்தோடு நிற்கவில்லை. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது இயல்பு. கடலுக்குள் நீண்ட அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலைத் தடுத்துவிட்டதால், தெற்கே மணல் குவிந்து மெரினா கடற்கரை அகன்றது. மணல் வரத்து நின்றுபோன வடக்கே, இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையிலான மீனவர் குப்பங்களின் நிலத்தைக் கடல் அரிக்கத் தொடங்கியது. நகரம் மாலையில் காற்று வாங்கும் மணற்பரப்பும், அதன் வடகரையில் அடுக்கப்பட்ட கருங்கல் தடுப்புகளும் ஒரே கட்டுமானத்தின் இரு பக்கங்கள் என்பது நகர வரலாற்று நூல்களில் இன்னும் அழுத்தமாக எழுதப்பட வேண்டிய செய்தி.

பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம் ஆலை 1876-இலும் கர்நாடிக் ஆலை 1880-களின் தொடக்கத்திலும் நிறுவப்பட்டன. 1920-இல் இரண்டும் ஒரே நிறுவனமாக இணைந்தன. பேச்சு வழக்கில் இவை பி அண்டு சி மில் என்றும் பின்னி மில் என்றும் அழைக்கப்பட்டன. கல்வி வரலாற்றில் இவ்வாலைகள் இடம்பெறுவதற்குக் காரணம், அரை நேரத் தொழிலாளர் எனப்பட்ட சிறுவர்களே. 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்து, ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேர வேலையை அனுமதித்தது. 1891-இல் குறைந்த வயது ஒன்பதாகவும், சிறுவர்களின் வேலை நேரம் ஏழு மணியாகவும் மாற்றப்பட்டன. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் துணி ஆலைகளில் சிறுவர்களின் வேலையை ஆறு மணி நேரமாகக் குறைத்ததோடு, வயதுக்கும் உடல் தகுதிக்குமான மருத்துவச் சான்று ஒன்றையும் கட்டாயமாக்கியது. அச்சான்றையோ அதைக் குறிக்கும் வில்லை ஒன்றையோ வேலை செய்யும்போது சிறுவன் தன்னிடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பள்ளியில் சேர்வதற்குப் பிறப்புச் சான்று கேட்கும் வழக்கம் பரவுவதற்கு முன்பே, ஆலையில் சேர்வதற்கு வயதுச் சான்று வந்துவிட்டது.

ஆறு மணி நேரம் ஆலையில் கழிந்தது போக எஞ்சிய பொழுதில் இச்சிறுவர்கள் படிப்பதற்காக பின்னி நிர்வாகமே பள்ளி நடத்தியது. அக்கால அளவுகோலில் இது பாராட்டத்தக்க ஏற்பாடாகவே கருதப்பட்டது; பிற ஆலைகள் பலவற்றில் அதுகூட இல்லை. ஆனால் நெசவுக் கூடத்தின் இரைச்சலிலிருந்து நேரே வகுப்புக்கு வரும் பத்து வயதுச் சிறுவனுக்கு அப்பள்ளி திறந்துவிட்ட வாசல் பெரும்பாலும் முழு நேர ஆலை வேலைக்கான வாசலாகவே இருந்தது. 1953-இல் இராஜாஜி அரசு ஊர்ப்புறப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோது மாநிலமே கொந்தளித்தது. அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. அதே அரை நாள் படிப்பு பெரம்பூரில் சட்டத்தின் துணையோடு ஒரு தலைமுறைக்கு மேல் நடந்தும் அத்தகைய எதிர்ப்பு எழவில்லை.

பெரியவர்களுக்கான கல்வி பள்ளிக்கு வெளியே நடந்தது. பெரம்பூர் வட்டாரத்தில் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் நடத்திவந்த வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபையில் சமயச் சொற்பொழிவு கேட்க ஆலைத் தொழிலாளர்கள் திரளாகக் கூடுவது வழக்கம். அங்கு எழுந்த, வேலைக் குறைகள் பற்றிய பேச்சுகளே, 1918 ஏப்ரல் 27-இல் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு வித்திட்டன. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக அது பெரும்பாலும் மதிக்கப்படுகிறது. தமிழாசிரியராகப் பணியாற்றிப் பின்னர் இதழாசிரியரான திரு. வி. கலியாணசுந்தரனார் அச்சங்கத்தின் தூண்களுள் ஒருவர். நண்பகல் உணவுக்கு அரை மணி நேரம் போதாது, இன்னும் சில நிமிடங்கள் வேண்டும் என்பது சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்ததிலிருந்தே ஆலையின் அன்றாடத்தை ஊகிக்கலாம். 1921-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தம், வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடர்களுக்கும் ஏனைய தொழிலாளர்களுக்கும் இடையிலான மோதலாக மாறி, புளியந்தோப்பில் வீடுகள் எரிந்து, துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. வர்க்க ஒற்றுமையின் பிறப்பிடமாக வட சென்னையைப் போற்றும் வரலாறுகள் இந்த ஆண்டை விரைந்து கடந்துவிடுவது வியப்பன்று.

மாநகராட்சிப் பள்ளிகளின் கதையும் இதே காலத்தது. வட சென்னையின் நெசவு வணிகக் குடும்பத்தில் பிறந்த பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்க முடிவாயிற்று. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு, அதாவது ரூபாயில் பதினாறில் ஒரு பங்குக்கு, மேற்படக் கூடாது என்று செலவு வரையறுக்கப்பட்டது. பசித்த பிள்ளை பள்ளிக்கு வருவதில்லை என்பதை மாநகராட்சி அறிந்திருந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அரசு இசையாததால் 1925-இல் திட்டம் நின்றுபோய், பின்னர் மீண்டும் உயிர்பெற்றது. மதிய உணவு மாநிலத் திட்டமாவதற்கு இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

விடுதலைக்குப் பின் வட சென்னைக்குத் தொழில் தாராளமாகவே வந்தது. பெரம்பூரில் 1955-இல் ரயில் பெட்டித் தொழிற்சாலை, எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, மணலியில் 1960-களின் இறுதியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அதையடுத்து உர ஆலை, எண்ணூரில் அனல்மின் நிலையம் என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கல்லூரிகளோ தயங்கித் தயங்கியே வந்தன: பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் கல்லூரி 1950-இலும், பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி 1964-இலும், வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி 1973-இலும் தொடங்கின. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைத்த ஸ்டான்லி மருத்துவமனையோடு இணைந்த மருத்துவக் கல்லூரி 1938 முதல் இருந்தும், சுற்றியிருந்த தெருக்களின் பிள்ளைகள் அங்கு நோயாளிகளாகச் சென்ற அளவுக்கு மாணவர்களாகச் செல்லவில்லை. தந்தை பார்த்த ஆலையிலோ துறைமுகத்திலோ மகனுக்கும் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தவரை, எட்டாம் வகுப்போடு படிப்பு நிற்பது குடும்பத்தின் கணக்கில் இழப்பாகத் தெரியவில்லை. வெளியிலிருந்து பார்ப்போர் கல்வியில் அக்கறையின்மை என்று இதைக் கருதினர். உண்மையில் அது கையில் இருந்த வேலைச் சந்தையை நன்கறிந்த முடிவு.

அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது 1990-கள். பலமுறை மூடுவதும் திறப்பதுமாக இழுபட்ட பின்னி ஆலைகள் 1996-இல் நிரந்தரமாக மூடப்பட்டன. துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்கள் பெருகப் பெருக, மூட்டை சுமக்கும் தோள்களின் தேவை சுருங்கியது. நகரத்தின் புதிய வேலைகள் நேர் எதிர்த்திசையில் பிறந்தன: 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் பழைய மாமல்லபுரம் சாலை தகவல் தொழில்நுட்ப நெடுஞ்சாலையானது. அங்கு கேட்கப்பட்ட பட்டமும் ஆங்கிலமும், வட சென்னைப் பள்ளிகள் ஒரு நூற்றாண்டாகத் தம் மாணவர்களிடம் எதிர்பார்த்திராதவை. வடக்கிலோ, கொடுங்கையூரில் முந்நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் நகரத்தின் குப்பைக்கு இடமளித்துக்கொண்டிருந்தது.

பழைய மாமல்லபுரம் சாலையோரக் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும், ஆற்றோரக் குடிசைவாழ் குடும்பங்கள் குடிசை மாற்று வாரியத்தால் இடம்பெயர்க்கப்பட்டன. 1970-இல் தொடங்கியபோது, குடியிருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவதையே முதன்மையாகக் கொண்டிருந்த வாரியம், இரண்டாயிரத்துக்குப் பின் தொலைதூரக் குடியேற்றங்களை நாடியது. கல்வியாண்டின் நடுவில் நடந்த இடமாற்றங்களில் பல பிள்ளைகளின் படிப்பு அறுந்தது. புதிய இடத்தில் வகுப்பறைகள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்கவில்லை.

2011-இல் திருவொற்றியூர், மணலி, மாதவரம் ஆகியவை மாநகராட்சியோடு இணைந்து, அதன் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையை 2019-இலும் விம்கோ நகரை 2021-இலும் எட்டியது. காலை உணவுத் திட்டம் 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அறிமுகமானது. 2024 மார்ச்சில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறும் பட்டதாரிகள் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவர்கள். அவர்களில் கணிசமானோரின் வேலை இன்றும் நகரத்தின் தென்கோடியில்தான் இருக்கிறது. அவர்களின் தாத்தாக்கள் ஆலைச் சங்கொலி கேட்டு நடந்தே போய் வேலை பார்த்தவர்கள்.